பிக்கப் அடியில் டொக் டொக் சத்தமா? எதையும் மாற்றும் முன் இதைப் பாருங்கள்

பிக்கப்பில் அடியிலிருந்து தட்டுகிற சத்தம் வருகிறது என்று சொன்னால் பாதிப் பேர் முதலில் கை வைப்பது ஷாக் அப்சார்பரில்தான். ஜோடியாக ஷாக் மாற்றி, பில் கட்டி வெளியே வந்தால் முதல் வேகத்தடையிலேயே அதே சத்தம் திரும்பவும் கேட்கும். ஷாக் உள்ளுக்குள் செத்துப்போனால் வண்டி மிதக்கும், குழியில் இறங்கி ஏறிய பிறகும் இரண்டு மூன்று முறை ஆடும். தட்டுகிற சத்தம் பெரும்பாலும் அதன் இரு முனையிலும் இருக்கிற ரப்பர் புஷ்ஷிலிருந்து வருவது, அதை மட்டும் மாற்றினால் முழு ஷாக் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். பல வண்டிகளில் சத்தத்துக்கும் ஷாக்குக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் சத்தம் எப்போது வருகிறது என்பதைப் பிடியுங்கள். எங்கிருந்து வருகிறது என்பது அப்புறம். சேஸிஸ் இரும்பு சத்தத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடத்திவிடும், பின்னால் தட்டுவது டிரைவர் காலடியில் கேட்கும், காதை மட்டும் நம்பினால் நல்ல பக்கத்தைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

இங்கே நான் சொல்வது காய்கறியும் கோழியும் சிமென்ட்டும் ஏற்றி ஓடுகிற டீசல் பிக்கப்களைப் பற்றி. பொலேரோ பிக்கப், யோதா, தோஸ்த் போன்றவை. பின்னால் லீஃப் பட்டை (அடுக்கடுக்கான இரும்புப் பட்டை ஸ்பிரிங்), பின் சக்கரத்துக்குப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் சுழல் தண்டு) வழியாக இழுவை. இசுஸு டி-மேக்ஸ், ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் பின்பகுதி இதேதான், முன்னால் மட்டும் காயில் ஸ்பிரிங்கும் பால் ஜாயிண்டும் இருக்கும்.

முதலில் வண்டி நின்றபடி இன்ஜினை ஓடவிட்டுக் கேளுங்கள். அப்போதே சத்தம் வந்தால் அது இன்ஜின் பக்கம், கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். ஓடும்போது மட்டும் வந்தால் ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். குழியிலும் வேகத்தடையிலும் மட்டும் வருகிறதா? அது பட்டை, புஷ், ஷாக், லோடு பாடி. கிளட்ச் விட்டு வண்டி நகர்கிற அந்த நொடியில் ஒரே ஒரு ‘டங்’, அப்புறம் கியர் மாற்றும்போது இன்னொரு ‘டங்’ என்றால் ஜாயிண்ட் கிராஸ் (ஷாஃப்ட்டை இணைக்கும் சிலுவை மூட்டு), சென்டர் பேரிங், இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்). நல்ல ரோட்டிலும் சக்கரம் சுற்றச் சுற்ற தாளம் தப்பாமல் தட்டி, வேகத்தோடு கூடிக்கொண்டே போனால் சக்கரத்தோடோ ஷாஃப்ட்டோடோ சுற்றுகிற ஏதோ ஒன்று. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் வந்தால் முன் ஆக்சிலைப் பாருங்கள். பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் நின்றுவிடுகிறதா? அப்படியானால் பிரேக் பேடு காலிப்பருக்குள் லூசாக ஆடுகிறது, அல்லது காலிப்பர் பின் தேய்ந்திருக்கிறது. அதை மேற்கொண்டு தேட வேண்டாம்.

இன்னொரு சோதனை இருக்கிறது, பலரும் செய்வதில்லை. காலி வண்டியில் ஒரு முறை, பின் ஆக்சிலுக்கு மேலே ஏழெட்டு மணல் மூட்டை வைத்து ஒரு முறை, அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். எடை ஏறியதும் சத்தம் அடங்கினால் ஏதோ ஒரு புஷ்ஷோ பின்னோ இடைவெளி விட்டு ஆடுகிறது, எடை அதை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். காலியில் சும்மா இருந்து, லோடு ஏற்றியதும் தட்டினால் ஆக்சில் பம்ப் ஸ்டாப்பில் (ஆக்சில் சேஸிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) இடிக்கிறது, அல்லது சைலன்சர் பைப் ஆக்சிலைத் தொடுகிறது, அல்லது பட்டை தளர்ந்து வளைவு போய்விட்டது.

எந்தச் சத்தமாக இருந்தாலும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் வீல் நட்டைப் பாருங்கள். மெதுவாகப் போகும்போது ‘லொட லொட’ என்று வந்து, வேகம் எடுத்ததும் குறைவது போலத் தெரிவது லூசான வீல் நட்டின் குணம். இதில் நாள் தள்ளக் கூடாது, சக்கரம் கழன்று ஓடும். நட்டைச் சுற்றி வீல் டிஸ்க்கில் (டயர் உட்காரும் இரும்புச் சக்கரம்) துரு நிறத்தில் கோடு வழிந்திருந்தால் அது ஏற்கனவே ஆடிக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கில் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் இறுக்கிப் பயனில்லை, டிஸ்க்கையும் ஸ்டட்டையும் மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து, காசு செலவில்லாத இடங்கள். ஸ்டெப்னி தொங்குகிற சங்கிலி, சீட்டுக்கு அடியில் ஜாக்கி, பேட்டரி கிளாம்ப், டெயில் டோர் கொக்கி, சைலன்சரைப் பிடித்திருக்கிற ரப்பர். ஒவ்வொன்றையும் கையால் பிடித்து ஆட்டுங்கள். டெயில் டோரை இறக்கி வைத்துவிட்டு ஒரு சுற்று, ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினாலே சில வண்டிகளில் வேலை முடிந்துவிடும். லோடு பாடியை வெளியில் கட்டியிருந்தால் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் மரக்கட்டையோ ரப்பரோ வைத்திருப்பார்கள். அது நசுங்கி மெலிந்ததும் போல்ட் தானாக லூசாகி, பாடி முழுவதும் சேஸிஸ் மேல் குதிக்கும். கேட்பதற்குப் பெரிய கோளாறு மாதிரி இருக்கும், செய்ய வேண்டியது பேக்கிங் மாற்றி யூ போல்ட்டை இறுக்குவது மட்டும்.

பட்டைக்கு அடியில்

வேகத்தடைச் சத்தத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது, அதனால் நேரத்தை இங்கே செலவழியுங்கள். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, சமதரையில் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், செங்கல்லை அடுக்கி ஸ்டாண்டு என்று நினைக்காதீர்கள், எடை வந்தால் செங்கல் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

கழற்றும் முன் கண்ணால் பாருங்கள். ஆடுகிற இரும்பு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்: ஒன்றோடொன்று உரசுகிற இடத்தில் செம்பழுப்பாகத் துருப்பொடி படிந்திருக்கும், இடிக்கிற இடம் மட்டும் பெயின்ட் போய்ப் பளபளவென்று இருக்கும். வண்டியைக் கழுவிவிட்டுத் தேடினால் இந்தத் தடயமெல்லாம் போய்விடும், அழுக்கோடேயே படுத்துப் பாருங்கள்.

டார்ச்சோடு பட்டையின் பின்முனைக்கு வாருங்கள். பட்டை நீள்வதற்கும் சுருங்குவதற்கும் வழிவிடுகிற சாக்கிள் அங்கே இருக்கும். கடப்பாரையையோ நீளமான டயர் லிவரையோ சாக்கிளுக்கும் பட்டைக் கண்ணுக்கும் (பட்டை முனையில் சுருட்டிய வளையம்) நடுவில் விட்டு நெம்புங்கள். ரப்பர் புஷ் நன்றாக இருந்தால் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்துத் திரும்பி வரும். ‘டக்’ என்று இரும்பு இரும்பில் தட்டினால் புஷ் போய்விட்டது. இதையே முன்முனைப் பின்னிலும், ஷாக்கின் மேல் கீழ் இரண்டு கண்ணிலும் செய்யுங்கள்.

பட்டைகளைப் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்திருக்கிற கிளிப்பையும் பாருங்கள். அது ஒடிந்திருந்தால் வண்டி குதித்து இறங்கும்போது பட்டைகள் விரிந்து ஒன்றின் மேல் ஒன்று அறையும், அந்தச் சத்தத்தை ஷாக் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பட்டை ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து விரிசல் பாருங்கள், குறிப்பாகப் பட்டைகளை நடுவில் கோத்திருக்கிற சென்டர் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில். மெயின் பட்டையில் விரிசல் இருந்தால் லோடு ஏற்றாதீர்கள்.

அப்புறம் யூ போல்ட். பட்டையையும் ஆக்சிலையும் சேர்த்துக் கட்டியிருப்பது இதுதான். இது தளர்ந்தால் ஆக்சில் முன்னும் பின்னும் நகரத் தொடங்கும், அந்த வெட்டு முழுவதும் சென்டர் போல்ட் மேல் விழுந்து ஒருநாள் அது அறுந்துபோகும், வண்டி நேராகப் போகாமல் நண்டு மாதிரி சாய்ந்து போகும். இரண்டு பக்கமும் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது. லோடு அதிகம் ஏற்றுவதற்காக எக்ஸ்ட்ரா பட்டை போட்ட வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். பட்டையின் உயரம் கூடிய பிறகும் பழைய யூ போல்ட்டையே போட்டு, நட்டு நுனி மரையில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். போதாததற்கு, விறைப்பான பட்டை குழியின் அடியைத் தான் வாங்காமல் புஷ்ஷுக்கும் சேஸிஸ் பிராக்கெட்டுக்கும் தள்ளிவிடும். எக்ஸ்ட்ரா பட்டை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான், கம்பெனி சொன்ன எடையோடு நிறுத்திக்கொண்டால் புஷ் இரண்டு மடங்கு நாள் வந்தாலும் ஆச்சரியமில்லை.

சாக்கிள் புஷ் மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. துருப்பிடித்த நட்டுகளில் முந்தின நாள் இரவே பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து வையுங்கள். சேஸிஸை ஸ்டாண்டில் உட்காரவைத்து, இன்னொரு ஜாக்கியால் ஆக்சிலை ஏற்றி இறக்கி, சாக்கிள் பின் மேல் எடையே இல்லாத ஒரு நிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடம் கிடைத்துவிட்டால் பின் லேசான தட்டலில் வெளியே வரும், கிடைக்கவில்லை என்றால் பெரிய சுத்தியல் கொண்டும் வராது. இரண்டு பாதியாக இருக்கிற ரப்பர் புஷ் கையாலேயே வந்துவிடும். இரும்பு உறை போட்ட புஷ் என்றால் பிரஸ் வேண்டும், இல்லாவிட்டால் ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு உறையை மட்டும் நீளவாக்கில் அறுத்து மடக்கி எடுக்கலாம், பட்டைக் கண்ணில் கீறல் விழாமல் பொறுமையாகச் செய்யுங்கள். பட்டைக் கண்ணை எமரி தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீர் தடவிப் புதிய புஷ்ஷை ஏற்றுங்கள். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவ வேண்டாம், சாதாரண ரப்பர் அதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும். பழைய பின்னில் நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படுகிறதா? அப்படியென்றால் பின்னையும் சேர்த்தே மாற்றுங்கள், தேய்ந்த பின்னில் புதுப் புஷ் நிற்காது.

இனிமேல் சொல்வதைத்தான் பல பட்டறைகளில் விட்டுவிடுகிறார்கள். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது நட்டை முழுவதும் இறுக்கக் கூடாது. கையால் இறுக்கி விட்டுவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலு முறை அமுக்கி ஆட்டி, பட்டை தன் வழக்கமான வளைவில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்திலேயே கடிபட்டு, வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டே ஓடி, சில மாதத்தில் கிழிந்துவிடும். மாற்றிய புஷ் சீக்கிரமே போய்விட்டால் டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டும் முன் இதை யோசியுங்கள்.

உங்கள் வண்டியில் கிரீஸ் நிப்பிள் உள்ள பின் இருந்தால் ரப்பர் கதை அங்கே பொருந்தாது, அதற்குக் கிரீஸ்தான் உயிர். சேஸிஸைத் தூக்கிப் பின் மேல் எடை இல்லாதபடி வைத்துக்கொண்டு கிரீஸ் கன்னால் அடியுங்கள், பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து புதுசு எட்டிப் பார்க்கும் வரை. எடையோடு அடித்தால் அழுத்தம் விழுகிற பக்கத்துக்குக் கிரீஸ் போகவே போகாது.

யூ போல்ட்டின் நான்கு நட்டையும் மாற்றி மாற்றிக் குறுக்காக, சக்கரம் தரையில் இருக்கும்போது, மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், மரை இழுபட்டிருக்கும்.

நகரும்போது வரும் ‘டங்’

இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிப் பாருங்கள். ஷாஃப்ட் கொஞ்சம் திரும்பத்தான் செய்யும், கியர்பாக்ஸிலும் டிஃபரன்ஷியலிலும் (பின் ஆக்சில் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) பல்லுக்குப் பல் இடைவெளி உண்டு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது கிராஸின் இரு பக்கத்து யோக்குகள் (கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள்) ஒன்றாகத் திரும்புகின்றனவா என்பதை. ஒன்று திரும்பி மற்றது ஒரு கணம் கழித்துத் தொடர்ந்தால், அல்லது கிராஸ் கப்பைச் சுற்றித் துருப்பொடி தெரிந்தால், கிராஸ் போய்விட்டது. கழற்றும் முன் ஷாஃப்ட்டிலும் ஃபிளாஞ்சிலும் சாக்பீஸாலோ பெயின்ட்டாலோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிப் பூட்டினால் புதுசாக ஒரு அதிர்வு கிளம்பும். புதிய கிராஸ் போட்டதும் நான்கு கப்பிலிருந்தும் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும், ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் உள்ளே ஊசி பேரிங் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு, திரும்பக் கழற்றிப் பாருங்கள். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடுவில் சென்டர் பேரிங்கைப் பிடித்திருக்கும் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதே வேலையில் சேர்த்தி.

இதெல்லாம் சரியாக இருந்தும் ‘டங்’ போகவில்லை என்றால் இன்ஜின் மவுண்ட். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை முழுவதும் மிதித்துக்கொண்டு முதல் கியரில் கிளட்சை இழுவை தெரிகிற வரை மட்டும் விடட்டும், அப்புறம் ரிவர்ஸில் அதே மாதிரி. நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு நேர் முன்னால் நிற்கவே கூடாது. இன்ஜின் ஒரு பக்கமாக எழும்பி விழுந்தால் மவுண்ட் பிரிந்துவிட்டது. 2 சிலிண்டர் டாடா ஏஸ், 3 சிலிண்டர் தோஸ்த் மாதிரி வண்டிகளில் ஐடிலிங்கில் ஆட்டம் இயல்பிலேயே கூடுதல், அந்த ஆட்டத்தை மட்டும் வைத்து மவுண்டைக் குற்றம் சொல்ல முடியாது.

டிஃபரன்ஷியலைச் சந்தேகித்தால் ஆயிலை இறக்கிக் காந்த பிளக்கைப் பாருங்கள். மை போல மெல்லிய பொடி ஒட்டியிருப்பது சகஜம், கைக்குத் தட்டுப்படுகிற இரும்புத் துண்டு சகஜமில்லை.

முன்பக்கத்துக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள்: ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட் (முன் சக்கரம் திரும்புகிற மூட்டு). இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தட்டினால் டை ராடு எண்டு (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு), சில வண்டியில் ஸ்டீயரிங் பாக்ஸ். டை ராடு எண்டை மாற்றினால் அன்றைக்கே அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

இன்ஜினிலிருந்து வந்தால்

டீசல் இன்ஜின் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று தட்டத்தான் செய்யும். கவனிக்க வேண்டியது சத்தத்தில் வந்த மாற்றத்தை. முதல் வேலை டிப் ஸ்டிக், இரண்டாவது வேலை டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் விளக்கு. ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுக் கேளுங்கள். விளக்கு எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள், கேட்கவும் வேண்டாம், பக்கத்துப் பட்டறை வரை ஓட்டிப் போகவும் வேண்டாம்.

பிறகு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்துப் பிடியைக் காதுப் பக்கம் வையுங்கள், பெல்ட்டும் ஃபேனும் சட்டையையோ துண்டையோ இழுக்காதபடி. மேலே வால்வு கவரில் மெல்லிய ‘டிக் டிக்’ என்றால் டேப்பட் (வால்வைத் தள்ளும் பகுதி) இடைவெளி. குளிரில் தட்டி, சூடேறியதும் மறைந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் கொஞ்சம் லூஸ், அல்லது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு. இரண்டுமே அவசரம் இல்லை. முன்பக்க பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடத்துக்குள் ஓட்டி நிறுத்திப் பார்த்தால் ஆல்டர்னேட்டர், டென்ஷனர் கப்பி எல்லாம் சந்தேகத்திலிருந்து வெளியே போய்விடும், தண்ணீர் பம்ப்பும் பல வண்டிகளில் அதே பெல்ட்டில் ஓடுவதால் அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

ஒரே ஒரு சிலிண்டரில் சுத்தியலால் அடிப்பது போலக் கூர்மையாகத் தட்டி, கூடவே புகையும் வந்தால் இன்ஜெக்டர். பழைய பம்ப் வண்டிகளில் மெக்கானிக்குகள் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகிற வகை) இதைச் செய்யவே கூடாது. அந்தப் பைப்பில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டிப் போகும், டயரில் நாம் அடிப்பது சில பார் அளவுதான். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கையையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லை என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காமன் ரெயிலுக்கு ஸ்கேனர் போட்டு ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவைப் பார்ப்பதும், ரிட்டர்ன் பைப்பில் பாட்டில் மாட்டிக் கசிவை ஒப்பிடுவதும்தான் வழி. பம்ப் கடையில் செய்வார்கள்.

சம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பக்கத்திலிருந்து கனமாக, ஆழமாக ‘டொம் டொம்’ என்று வந்து, ஆக்ஸிலரேட்டரைக் கூட்டினால் கூடி, 2,000 ஆர்பிஎம் அளவுக்கு ஏற்றிவிட்டுக் காலை எடுக்கும் நொடியில் இன்னும் தெளிவாகக் கேட்டால் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் என்கிற சுழல் தண்டோடு இணைப்பது) பேரிங். கட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் சில நாள் அமுங்கும், விற்பனைக்கு வருகிற பழைய வண்டிகளில் இந்தத் தந்திரம் உண்டு, பழைய பிக்கப் வாங்கப் போனால் இன்ஜின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து, சூடேறும் வரை காத்திருந்து கேளுங்கள். உறுதி செய்ய ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்து, உள்ளே இருக்கும் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள், பேரிங் தூள் மினுமினுவென்று தெரியும். தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துப் போங்கள். இப்போதே இன்ஜினை இறக்கினால் பேரிங்கோடும் கிராங்க் கிரைண்டிங்கோடும் முடியலாம், ராடு ஒடிந்து பிளாக்கைக் குத்திவிட்டால் முழு இன்ஜினும் போச்சு.

லேத்தில் கிராங்க்கை மைக்ரோமீட்டர் வைத்து அளந்த பிறகுதான் பேரிங் வாங்க வேண்டும், கிரைண்டிங் செய்தால் 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர் சைஸ் (மெலிந்த கிராங்க்குக்கு ஏற்ற அளவு) பேரிங் போட வேண்டியிருக்கும். பூட்டும் முன் ஆயில் பம்ப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், ஆயில் கூலரையும் கிராங்க்கின் உள்துளைகளையும் டீசலும் காற்றும் விட்டுக் கழுவச் சொல்லுங்கள், அந்த நேரம் நீங்களே பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. பழைய பேரிங்கின் தூள் கூலருக்குள் மிச்சமிருந்தால் புதுப் பேரிங்கும் அதே வழியில் போய்விடும்.